பெருந்தொற்றுக்கு வீட்டை எப்படித் தயார் செய்வது?

வெண்ணிலா:

வணக்கம். 2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று அறிவித்தபோது நான் மாணவி, வீட்டுப் பொறுப்பு எதுவும் இல்லை. இப்போது கணவர், கைக்குழந்தை, இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் மாமியார் என்று என் குடும்பம் இருக்கிறது. அவசரகாலத் தயாரிப்பு பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் எழுதியவைதான்: டார்ச், பேட்டரி, மூன்று நாளைக்குத் தண்ணீர். பெருந்தொற்றின்போது குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதானே இருந்தது? அப்படியானால் எதை முதலில் கவனிக்க வேண்டும்? அந்தச் சமயத்தில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி:

வழக்கமாக வாங்குவதில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, இரண்டு வாரத்துக்கு வெளியே போகாமல் சமாளிக்கும் அளவுக்கு வைத்திருங்கள். பழையதை முதலில் எடுத்துப் பயன்படுத்துங்கள். செய்தி வந்த பிறகு ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வருவது வேறு. 2020-இல் மாஸ்க் மருத்துவப் பணியாளர்களுக்கே கிடைக்காமல் போனது. கொரோனாவைக் குணமாக்கும் என்ற பேச்சில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை வாங்கிக் குவித்தார்கள். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) நோயாளிகள் தங்களுக்குத் தினமும் வேண்டிய அந்த மருந்துக்கு அலைய வேண்டியிருந்தது.

தாழ்வாரம்:

வெண்ணிலா, பொருள் பற்றி நெடுவழி சொன்னது போதும். நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். புயல் என்றால் பக்கத்து ஊர்ச் சொந்தம் வந்து நிற்கும். தொற்று என்றால் யாரும் வாசலைத் தாண்டி வர முடியாது, அவர்கள் வீட்டிலும் அதே நேரத்தில் காய்ச்சலாக இருக்கலாம். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வீட்டை நடத்துகிறவரே படுத்துவிட்டால் என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் முதலில் படுத்தது அம்மாதான். அப்பாவின் மாத்திரைகள் முழுக்க அவர் பொறுப்பு. அப்பாவுக்குத் தெரிந்தது காலையில் வெள்ளை, ராத்திரி ரோஸ், அவ்வளவுதான். அம்மாவால் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேச முடியாத நிலையில், தம்பி மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் கேமரா முன்னால் காட்டுகிறான், நான் வேறு ஊரிலிருந்து படிக்கப் பார்க்கிறேன். இரண்டு அட்டைகளில் பெயர் இருந்த பக்கம் ஏற்கெனவே வெட்டப்பட்டுப் போயிருந்தது. மருந்துச் சீட்டின் படம் அம்மாவின் போனில். அந்தப் போனைத் திறக்க அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் பணமும் மருந்தும் சாப்பாடும் எல்லாம் இருந்தன. எது எதற்கு என்பது ஒருவர் தலைக்குள் இருந்தது.

இப்போது அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் என்ன நோய், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மருத்துவரின் எண், காப்பீட்டுத் தாள் இருக்கும் இடம். மேலே தேதி. மருந்து மாறினால் அன்றைக்கே தாளும் மாறும். மாதத்தில் ஒருநாள் தம்பிதான் அப்பாவுக்கு மருந்து கொடுப்பான், அம்மா பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். எழுதி வைத்ததில் எது புரியவில்லை என்பது அந்த நாளில்தான் தெரிகிறது.

இன்னொன்று, நோயாளிக்கு எந்த அறை என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஜன்னல் திறக்கக்கூடிய அறையாக இருக்கட்டும். பார்த்துக்கொள்வது ஒரே ஆளாக, வேறு நோய் இல்லாதவராக இருப்பது நல்லது. அறைக்குள் போனால் இருவருக்கும் மாஸ்க். நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து படுத்துவிட்டால் குழந்தையை யார் வைத்துக்கொள்வார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டு வையுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்குங்கள். எல்லோரும் நன்றாக இருக்கும்போதே அவரவர் அளவைப் பார்த்துத் தாளில் குறித்துவிடுங்கள். பெரும்பாலோருக்கு 95 முதல் 100 சதவீதம் வரை காட்டும், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குக் குறைவாக இருக்கலாம். கோவிடில் மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்ஸிஜன் இறங்கியவர்கள் உண்டு. கை சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அளவு தவறலாம், கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஆள் சோர்ந்து குழம்பிப் பேசினால் கருவி என்ன காட்டினாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருந்தறை:

மருந்தாளுநராக இருப்பதால் சில வார்த்தைகள். தினசரி மருந்து தீர இரண்டு வாரம் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். ஆன்டிபயாடிக்கை வாங்கி அடுக்காதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போடும்போது சளி மாத்திரையிலும் அது கலந்திருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு, ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் இன்னும் குறைவு. சானிட்டைசரில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

அப்புறம், பிளீச்சை அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தோடு சேர்க்கவே வேண்டாம். குளோரின் வாயு வரும். பயத்தில் சுத்தம் செய்கிறேன் என்று இதைச் செய்து மூச்சு முட்டிப்போனவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

வெண்ணிலா:

எல்லோருக்கும் நன்றி. தாள் வேலையை இன்றே தொடங்குகிறேன். ஒரு தயக்கம். மாமியாரிடம் இதைக் கேட்டால், நான் சாகப்போகிறேன் என்று நினைக்கிறாயா என்று வருத்தப்படுவாரோ?

தாழ்வாரம்:

உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் முதலில் எழுதிவிட்டு அவரிடம் காட்டுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி என்றைக்கு, எனக்கு எந்த மருந்து ஆகாது என்று சொல்லிக்கொண்டே எழுதினால் அவரே தன்னுடையதைச் சொல்வார். எங்கள் அப்பா அப்படித்தான் உட்கார்ந்தார். அப்போதே ஒரு சிறு பையும் தயார் செய்துவிடுங்கள். கோவிட் சமயத்தில் பல மருத்துவமனைகளில் துணைக்கு ஆள் விடவில்லை. கண்ணாடி, காது கேட்கும் கருவி, அதன் பேட்டரி, நீள ஒயர் உள்ள சார்ஜர், அந்தத் தாளின் ஒரு பிரதி, பெரிய எழுத்தில் உங்கள் போன் எண். உள்ளே தனியாக இருப்பவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.