ஆக்சிலைக் கழற்றினால் அசையாச் சொத்தா?

கறார்_கணக்கு: "சக்கரம், ஆக்சில் (சக்கர அச்சு), ஹிட்ச் (இழுவைக் கொக்கி) மூன்றையும் கழற்றி கான்கிரீட்டில் உட்கார வைத்தாச்சுன்னா மேனுஃபேக்சர்டு ஹோம் (தொழிற்சாலையில் கட்டி, சக்கரத்தில் இழுத்துவரும் வீடு) அசையாச் சொத்து, நிலத்தோடு சேர்த்து மதிப்புப் போடலாம்" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். டெக்சஸில் இதை நம்பி வாங்கினால் தலையில் துண்டுதான். மாநிலம் தரும் உரிமைச் சான்றான ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப்பில் உரிமையாளர் 'ரியல் பிராப்பர்ட்டி' (அசையாச் சொத்து) என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அதன் சான்றிட்ட நகல் 60 நாளுக்குள் கவுண்டி கிளார்க்கின் நிலப் பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் அது அசையும் சொத்து. ஆக்சில் எங்கே கிடக்கிறது என்று எந்தக் கிளார்க்கும் கேட்பதில்லை.

கான்கிரீட்_கண்ணன்: அந்த மேதாவி நான்தான் சார், பெயர் சொல்லியே திட்டலாம். ஆக்சிலோடு நிற்கிற வீட்டுக்கு ஃபேனி மே (வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் நிறுவனம்) ஒத்துக்கொள்ளுமா? கொள்ளாது. அப்போ ஆக்சில் முக்கியமா இல்லையா?

கறார்_கணக்கு: ஃபேனி மே கேட்பது பத்து, அதில் ஆக்சில் ஒன்று. வீடு சட்டப்படி அசையாச் சொத்தாக இருக்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு அது மட்டும் தெரியவில்லை.

கான்கிரீட்_கண்ணன்: ஆக்சில் போயிடுச்சு, வீடு நகராது. நகராததற்குப் பெயர் என்ன? கவுண்டி வரி பில்லில் நிலமும் வீடும் ஒன்றாக வருகிறதே, அவன் முட்டாளா?

கறார்_கணக்கு: வரி பில் வரிக்கு. சொந்தக் குடியிருப்புக்கான ஹோம்ஸ்டெட் வரி விலக்கு நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிடைக்கும். வீட்டின் மேல் பழைய லோன்காரரின் லீன் (கடன் பிடிமானம்) நிற்கிறதா என்று பில் சொல்லாது. வீட்டின் வெளித் தகட்டிலுள்ள லேபிள் எண்ணையோ சீரியல் எண்ணையோ போட்டு மாநில வீட்டுவசதித் துறைத் தளத்தில் தேடினால் தெரியும். நிலத்தை வாங்கியவருக்கு மேலே நிற்கும் வீடு கிடைக்காமல் போவது இங்கேதான்.

லோன்_ராணி: கண்ணன் அண்ணா, 'கான்கிரீட்' என்று எதைச் சொல்கிறீர்கள்? மண்ணில் திருகி இறக்கும் ஆங்கரை (நங்கூரக் கம்பி) எஃப்ஹெச்ஏ (வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரும் மத்திய அரசு அமைப்பு) நிரந்தரமாக எடுத்துக்கொள்வதில்லை. 1996 அஸ்திவார வழிகாட்டிப்படி இன்ஜினியர் கடிதம் வேண்டும். வீட்டடியைச் சுற்றி ஸ்கர்ட்டிங் போட்டு மறைத்ததெல்லாம் அஸ்திவாரமாகாது.

கான்கிரீட்_கண்ணன்: அம்மா தாயே, நான் அஸ்திவாரம் பற்றிப் பேசவே இல்லை. ஆக்சில்!

சும்மா_வந்தவன்: வெளிச்சுவரில் இருந்த சிவப்பு ஹெச்யூடி (மத்திய வீட்டுவசதித் துறை) தகடு பெயின்ட்டுக்குள் போயிடுச்சு. மதிப்புக் குறையுமா?

கறார்_கணக்கு: தம்பி, முதலில் தேடுங்கள். இழுத்துவரும்போது பின்னால் இருக்கும் டெயில்லைட் பக்கக் கோடியில், வீட்டின் உள்தளத்திலிருந்து சுமார் ஓரடி மேலே, சாலைப்பக்க ஓரத்திலிருந்து ஓரடி உள்ளே, ஏறக்குறைய 2க்கு 4 அங்குலம். இரண்டு பகுதியாக வந்து சேர்த்த டபுள்வைடென்றால் இரண்டு தகடு. சைடிங் (வெளிச்சுவர்ப் பலகை) மாற்றியவர் பிடுங்கி எறிந்திருந்தால் புதிதாகத் தர மாட்டார்கள், அதற்கான நிறுவனமான ஐபிடிஎஸ்ஸிடம் சரிபார்ப்புக் கடிதம்தான். உள்ளே ஒட்டிய டேட்டா பிளேட் (வீட்டின் விவரத் தாள்) வேறு. மெயின் பேனல் பக்கமோ கிச்சன் கேபினெட்டிலோ அலமாரியிலோ பாருங்கள். 15 ஜூன் 1976க்கு முந்தைய வீடென்றால் தகடே கிடையாது, தேடாதீர்கள்.

கான்கிரீட்_கண்ணன்: கேட்காததற்கெல்லாம் பிரசங்கம். சரி, மதிப்பு எப்படிப் போடுவீர்கள்? டீலர் விலை, நிலத்தின் விலை, கூட்டு. முடிந்தது.

கறார்_கணக்கு: முடிந்தது உங்கள் ரிப்போர்ட். காலி மனை விற்பனையோடு வீட்டின் ஒப்பந்த விலையைக் கூட்டி காம்ப் (ஒப்பிடும் விற்பனை) உருவாக்கக் கூடாது என்று ஃபேனி மே எழுதியே வைத்திருக்கிறது. மதிப்பீட்டு ரிப்போர்ட்டில் குறைந்தது இரண்டு காம்ப் மேனுஃபேக்சர்டு ஹோமாகவே இருக்க வேண்டும், நிலத்தோடு விற்றதாக. டீலர் விலைக்குள் டெலிவரி, ஏசி, ஸ்கர்ட்டிங் ஒளிந்திருக்கும். அதையே சைட் செலவிலும் போட்டால் இரட்டைக் கணக்கு. அசையும் சொத்தென்றால் நிலமே வராது. தயாரிப்பாளர், மாடல், வருடம், அளவு பார்த்து கைடு (விலைக் கையேடு) விலை, பிறகு வீட்டின் நிலைக்குக் கழிவு. ஒரே வீடு, இரண்டு வேலை.

லோன்_ராணி: வேறிடத்தில் ஒருமுறை நிறுத்திவிட்டுப் பெயர்த்து வந்த வீடா என்பதையும் கேளுங்கள். அப்படியென்றால் எஃப்ஹெச்ஏ லோன் கிடையாது.

கான்கிரீட்_கண்ணன்: பெயர்த்து வர எது வேண்டும்? ஆக்சில்! என் வாயால் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கறார்_கணக்கு: யார் வாயால் யார்? அடியில் ஐ-பீம் சேசிஸ் (இரும்புச் சட்டகம்) அப்படியே இருக்கிறது. வாடகை ஆக்சில் மாட்டினால் கிளம்பிவிடும். சட்டப் பிரிவு எண் ஒன்றைக் காட்டுங்கள், பேசலாம்.

கான்கிரீட்_கண்ணன்: முதலில் நீங்கள் காட்டுங்கள்.

கறார்_கணக்கு: டெக்சஸ் பிராப்பர்ட்டி கோடு (சொத்துச் சட்டம்) 2.001. படித்துவிட்டு வாருங்கள்.

கான்கிரீட்_கண்ணன்: கலிஃபோர்னியாவில் 433ஏ படிவம், அங்கே அஸ்திவாரம்தான் பேசுகிறது. உங்கள் டெக்சஸ் மட்டும்தான் அமெரிக்காவா?

லோன்_ராணி: அஸ்திவாரம் பற்றிப் பேசவே இல்லை என்றீர்களே?