சார்டின் சாண்ட்விச் ருசியில் சாலட்: தண்ணீர் விடாமல் செய்ய வழி இருக்கிறதா?

பீடோர் பொண்ணு:
வணக்கம். அப்பாவுக்கு இனிப்பு நீர் வியாதி (நீரிழிவு), அதனால் ரொட்டி, சோறு எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆனால் செம்பனைத் தோட்டத்து வேலை முடிந்து வந்ததும் அவர் கேட்பது சார்டின் சாண்ட்விச்தான், டின் மீனை மசித்து, பெரிய வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, புளிப்பு பிழிந்து, நடுவில் வெள்ளரிக்காய் வைத்து, அதையும் முக்கோணமாக வெட்டிக் கொடுக்க வேண்டும். அதே ருசியில் சாலட் செய்து கொடுக்கப் பார்க்கிறேன். டின்னில் இருக்கும் தக்காளிச் சாறும் வெள்ளரித் தண்ணீரும் சேர்ந்து மங்குக் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடுகிறது. சட்டென்று முடிகிற வழியாகச் சொல்லுங்களேன்.

தாப்பா அக்கா:
தங்கச்சி, முதலில் மீனை மட்டும் கரண்டியால் எடுங்கள், சாறு டின்னிலேயே கிடக்கட்டும். மசிக்க வேண்டாம், பெரிய துண்டாக உடைத்தால் போதும். ரொட்டியில் தடவத்தான் மசிக்கிறோம், சாலட்டில் மசித்தால் எல்லாம் கூழாகிவிடும். முள்ளை எடுக்காதீர்கள். டின்னை மூடிய பிறகு அதிகச் சூட்டில் வேகவைப்பதால் முள் மெத்தென்று ஆகியிருக்கும், கால்சியம் அதில்தான் இருக்கிறது.

வெள்ளரியை நீளமாகப் பிளந்து விதையைச் சுரண்டிவிட்டு நறுக்கி, ஒரு சிட்டிகை உப்பு பிசறி வையுங்கள். மற்ற வேலை முடிவதற்குள் தண்ணீர் இறங்கிவிடும், பிழிந்து கொட்டிவிடலாம். மீனிலேயே உப்பு இருக்கிறது, அதனால் வேறு உப்பு வேண்டாம். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிந்து ஊறவைத்தால் காரம் அடங்கும், அந்தச் சாறோடு மிளகுத்தூளும் டின் சாறு இரண்டு கரண்டியும் கலந்தால் அதுவே டிரெஸ்ஸிங். டின் சாறில் சீனி சேர்த்திருப்பார்கள், அப்பாவுக்கு என்பதால் லேபிளைப் பார்த்து அளவாக ஊற்றுங்கள். மாயோ வேண்டவே வேண்டாம்.

கீரைக்கு கேமரன் மலை சாலட் இலை நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால் வல்லாரை. மலாய்க்காரர்கள் உலாமில், அதாவது சோற்றோடு சாப்பிடும் பச்சை இலைகளில், பச்சையாகத் தின்கிறார்களே, அந்த லேசான கசப்பு டின் மீனுக்கு அவ்வளவு பொருத்தம்.

சுங்கை சிப்புட் வாசி:
அக்கா சொன்னது சரி, ஆனால் மொறுமொறுப்பு இல்லாமல் சாண்ட்விச் ஞாபகம் எப்படி வரும்? கிரீம் கிராக்கர் நொறுக்கிப் போடலாம்.

தாப்பா அக்கா:
தம்பி, அதுவும் மாவுதானே. ரொட்டியைக் குறைக்கத்தானே இத்தனை பாடு? மொறுமொறுப்புக்கு சிறகவரையைப் பச்சையாக நறுக்கிப் போடலாம், பாசாரில் காச்சாங் போத்தோல் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

சுங்கை சிப்புட் வாசி:
சரிக்கா, அப்படியானால் ஈப்போ புந்தோங் பக்கம் விற்கிற காச்சாங் பூத்தே நொறுக்குத் தீனியில் வறுத்த கடலை மட்டும் ஒரு கைப்பிடி. முறுக்கு, ஓமப்பொடி கலந்ததை வாங்க வேண்டாம், அதுவும் மாவுதான். எதைப் போட்டாலும் சாப்பிட உட்காரும்போது தூவுங்கள், முன்னாடியே கலந்தால் நமுத்துப் போகும்.

பீடோர் பொண்ணு:
ரொம்ப நன்றி. வீட்டுக்குப் பின்னாலேயே வல்லாரை கிடக்கிறது. இன்னொன்று, அம்மா வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டார், அவருக்கு என்ன போடலாம்? மிச்ச மீனை என்ன செய்வது?

தாப்பா அக்கா:
அம்மாவுக்கு தவ்குவாவை (கெட்டி சோயா தோஃபு) சிவக்க வாட்டித் துண்டு போடுங்கள், டின் சாறுக்குப் பதில் ஒரு தக்காளியைச் சுட்டுப் பிசைந்துகொள்ளலாம். மிச்ச மீனைத் திறந்த டின்னோடு பிரிட்ஜில் வைக்காமல் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றி, மறுநாளே வெங்காயம் போட்டு சம்பலாகப் பிரட்டிவிடுங்கள்.