லஃபாயெட் மருமகனுக்கு யாழ்ப்பாணத்தில் கம்போ வைக்க முடியுமா?

கொக்குவில் அம்மா:

வணக்கம். மகள் அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தில் லஃபாயெட் என்ற ஊரில் இருக்கிறாள். மருமகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், கேஜன் குடும்பம், பிரெஞ்சு வழி வந்த லூசியானா ஆட்கள். ஆகஸ்டில் இரண்டு பேரும் வந்து ஆறு கிழமை நிற்கப் போகிறார்கள்.

போன முறை வந்தபோது என் சமையல் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். கடைசிக் கிழமை காய்ச்சலில் படுத்தார். அப்போது மகளிடம் மெதுவாக, தன் அம்மாவின் கம்போ (சோற்றோடு சாப்பிடும் அவர்களுடைய குழம்பு) ஒரு கோப்பை இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். நான் ரசமும் சோறும் கொடுத்தேன். அந்தப் பிள்ளை கேட்டது இன்னும் மனதில் கிடக்கிறது. இந்த முறை வைத்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் வாங்கலாமா என்று பார்த்தேன். நகரில் ஒரு கடையில் ‘கேஜன் கோழி’ என்று போட்டிருந்தார்கள். வந்தது மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்த கோழி. சரி என்று வீட்டில் ஒரு தடவை வைத்தேன். எண்ணெயில் கோதுமை மாவை வறுக்கும்போது பொன்னிறம் வந்ததும் பயந்து இறக்கிவிட்டேன். வாங்கிய சொசேஜ் பத்து நிமிடத்தில் பஞ்சு மாதிரி ஊதிவிட்டது. தக்காளியும் போட்டேன். காணொளியில் சட்டியைக் காட்டியபோது மருமகன் “நல்லா இருக்கும் அம்மா” என்றார். மகளின் முகத்தில்தான் உண்மை தெரிந்தது.

மாவை எவ்வளவு கறுக்க விடுவது? அந்த ஆன்டூயி என்ற புகைபோட்ட சொசேஜுக்கு, செலரிக்கு, ஃபிலே தூளுக்கு இங்கே என்ன செய்வது? நல்லூர்த் திருவிழா முடியும் வரை எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வல்வெட்டித்துறை, முன்னாள் கப்பல்காரர்:

அக்கா, தானியம் ஏற்ற மிசிசிப்பி ஆற்றில் கப்பல் நிற்கும் நாட்களில் நியூ ஓர்லியன்ஸில் இறங்கிச் சாப்பிட்டவன் நான். அங்கே ஒரு சமையல்காரர் என்னை அடுப்படியில் நிறுத்திக் காட்டித் தந்தார்.

பொன்னிறத்தில் இறக்கியதுதான் முதல் பிழை. அதை அவர்கள் ‘ரூ’ என்பார்கள். எண்ணெய் ஒரு கோப்பை, மா ஒரு கோப்பை. அடிகனமான சட்டி, மர அகப்பை, மிதமான நெருப்பு. நாற்பது ஐம்பது நிமிடம் கையை எடுக்கக் கூடாது. முதலில் எங்கள் வறுத்த மாவின் வாசம் வரும், பிறகு கச்சான் வறுத்த வாசம். நிறம் பழைய பழப்புளிக்கு வந்ததும் வெட்டிய வெங்காயத்தை ஒரேயடியாகக் கொட்டுங்கள், சூடு அடங்கும். நடுவில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் கருகிவிட்டது. முழுவதையும் ஊற்றிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். கையில் தெறித்தால் தோல் உரியும், பேரப்பிள்ளைகளை அடுப்படியில் விடாதீர்கள்.

கறுத்த ரூவுக்குத் தடிப்பாக்கும் சக்தி குறைவு. அதனால்தான் வெண்டிக்காய் அல்லது ஃபிலே. கம்போ என்ற பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டிக்காய்க்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஃபிலே என்பது சசாஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த தூள், சொக்டோ பழங்குடியினரிடமிருந்து வந்தது. இங்கே அதற்கு மாற்று இல்லை. மகளை ஒரு சின்னப் போத்தல் கொண்டுவரச் சொல்லுங்கள். சட்டியை இறக்கிய பிறகுதான் தூவ வேண்டும், கொதித்தால் நூல் நூலாகும்.

தக்காளி வேண்டாம். நியூ ஓர்லியன்ஸில் கிரியோல் எனப்படும் பழைய நகரக் குடும்பங்களில் சிலர் போடுவார்கள். கேஜன் ஆட்களின் முன்னோர் 1755இலிருந்து ஆங்கிலேயர் இன்றைய நோவா ஸ்கோஷியாப் பக்கமிருந்து துரத்திய அகாடியர்கள். நாட்டுப்புறச் சமையல், லஃபாயெட் பக்கம் கம்போவுக்குத் தக்காளியே தொட மாட்டார்கள். உறைப்பும் எங்கள் அளவுக்கு இல்லை.

இதெல்லாவற்றுக்கும் முன், அவருடைய அம்மா எந்தக் கம்போ வைப்பார் என்று கேளுங்கள். காய்ச்சலில் கேட்டதென்றால் அநேகமாகக் கோழியும் சொசேஜும் போட்டதாக இருக்கும்.

பாசையூர் ஆசிரியை:

செலரி இருக்கிறது அக்கா. திருநெல்வேலிச் சந்தையில் கிடைத்தால் மெல்லிய தண்டு, இலை கூடியது, வாசம் கடுமை. செய்முறையில் சொன்னதில் பாதி போதும். பச்சைக் குடமிளகாய் இல்லாவிட்டால் கறிமிளகாயை விதை எடுத்துப் போடுங்கள். வெங்காயம், செலரி, மிளகாய் மூன்றும்தான் அங்கே தாளிதம் மாதிரி.

சொசேஜை வாங்காதீர்கள். ஆன்டூயியின் உயிரே புகைதான். நாங்கள் பன்றி இறைச்சியைப் பெருவெட்டாக வெட்டி உப்பு, உள்ளி, மிளகு, கொஞ்சம் மிளகாய் பிரட்டி ஒரு இரவு வைப்போம். அடுத்த நாள் மூடின தகர உருளையில் சிரட்டைத் தணலுக்கு மேல் கம்பியில் வைத்து, ஈரப் பொச்சுமட்டை போட்டுப் புகைய விடுவோம். உள்ளே நன்றாக வெந்த பிறகே எடுக்க வேண்டும். குடலில் அடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

கடலுணவுக் கம்போ என்றால் உங்களுக்கு இன்னும் சுகம். லூசியானாவின் நீல நண்டும் எங்கள் நீலக்கால் நண்டும் ஒரே குடும்பம். இறால் தலையையும் ஓட்டையும் வறுத்து அவித்துத் தண்ணீர் எடுங்கள். தேங்காய்ப் பாலோ கறித்தூளோ விட்டால் அது எங்கள் நண்டுக்குழம்பாகிவிடும். கை போகும், விடாதீர்கள்.

இணுவில் தம்பி:

மாமி, திருவிழா நாட்களுக்கும் ஒன்று இருக்கிறது. நியூ ஓர்லியன்ஸ் கத்தோலிக்கர் பெரிய வியாழனுக்குப் பல கீரை சேர்த்து ‘கம்போ செர்ப்’ வைப்பார்கள். லியா சேஸ் என்ற அம்மா (1923–2019) அதற்குப் பெயர் போனவர். அவர் வைத்ததில் இறைச்சி உண்டு, ஆனால் தவக்காலத்துக்கு இறைச்சி இல்லாமலும் வைப்பார்கள். முளைக்கீரை, பசளி, கோவா இலை, முருங்கையிலை எல்லாம் சேரும்.

கொக்குவில் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. சம்பந்தியிடம் கேட்டேன். கோழியும் சொசேஜும்தான், வெண்டிக்காய் இல்லை, ஃபிலே மேசையில் அவரவர் போட்டுக்கொள்வார்களாம். நேற்று ரூ மட்டும் செய்தேன். முதல் சட்டியில் முப்பதாவது நிமிடம் புள்ளி வந்தது, ஊற்றிவிட்டேன். இரண்டாவதில் நெருப்பைக் குறைத்து ஐம்பத்தைந்து நிமிடம் நின்றேன். பழப்புளி நிறம் வந்தது. வெங்காயம் கொட்டியதும் எழுந்த வாசம் முற்றம் வரை போய், இவர் எழுந்து வந்து என்ன சமையல் என்று கேட்டார். காணொளியில் காட்டினேன். மருமகன் ஒன்றும் பேசவில்லை, கமராவுக்குக் கிட்ட வந்து சட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஒன்று விளங்கவில்லை. சம்பந்தி உருளைக்கிழங்கு சலாதும் வைக்கச் சொல்கிறார். பக்கத்திலா?

வல்வெட்டித்துறை, முன்னாள் கப்பல்காரர்:

பக்கத்திலும் வைப்பார்கள், சோற்றுக்குப் பதிலாகக் கோப்பைக்குள்ளேயே ஒரு கரண்டி போட்டுச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. தனிக் கிண்ணத்தில் வையுங்கள் அக்கா, அவரே போட்டுக்கொள்வார்.