ஸிலார்ட் என்ற ஹங்கேரியக் குடும்பப் பெயர்: எங்கே பிறந்தது, இன்று எங்கே இருக்கிறது?

வேர்தேடி:

அனைவருக்கும் வணக்கம். அறிவியலாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தமிழில் தொகுத்து வருகிறேன். அணுக்கருத் தொடர்வினை என்னும் கருத்தை 1933இல் லண்டனில் வகுத்த லியோ ஸிலார்டைப் பற்றி எழுதத் தொடங்கி, அவருடைய குடும்பப் பெயரைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். கோவாச், தோத், ஸபோ, ஹோர்வாத் போன்ற ஹங்கேரியப் பெயர்களைத் தாங்கியவர்கள் ஒவ்வொன்றிலும் லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். ஆனால் ஸிலார்டைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் மிகச் சிலரே. அப்படியானால் இது ஏதோ ஒரு சிற்றூரின் பெயராக இருக்க வேண்டும், அவ்வூரிலிருந்து கிளைத்த ஒரே குடும்பத்தார்தான் இன்று பல நாடுகளில் பரவியிருக்க வேண்டும் என்று எண்ணினேன். ஸெக்ஸார்ட் என்ற ஊரின் பெயரும் இதே போல முடிகிறது. ஸிலாஜி என்ற குடும்பப் பெயரோ இதே போலத் தொடங்குகிறது. இவற்றுக்குள் உறவு உண்டா?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அரிய பெயர் என்று நம்பி இணையத்திலுள்ள பதிவேட்டு அட்டவணைகளில் தேடினால், ஸிலார்ட் என்ற பெயர் பக்கம் பக்கமாக வந்து குவிகிறது. எதை நம்புவது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சொல்லாய்வு:

தங்களுடைய இரண்டாவது குழப்பத்தைத் தீர்த்தால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஹங்கேரிய மொழியில் குடும்பப் பெயர் முதலிலும் ஒருவருக்கு இட்ட பெயர் பின்னாலும் வரும். கோவாச் ஸிலார்ட் என்று எழுதியிருந்தால் அவர் கோவாச் குடும்பத்தில் பிறந்த, ஸிலார்ட் என்று பெயரிடப்பட்ட ஆண். வெளிநாட்டு அட்டவணைகள் இந்த வரிசையைச் சில இடங்களில் திருப்பியும் சில இடங்களில் திருப்பாமலும் விட்டுவிடுவதால், இட்ட பெயராக உள்ள ஸிலார்ட் அனைத்தும் குடும்பப் பெயர்ப் பட்டியலில் போய் விழுகின்றன. தாங்கள் கண்ட குவியலில் மிகப் பெரும்பகுதி இப்படி வந்ததாகவே இருக்கும், ஏனெனில் ஹங்கேரியில் ஸிலார்ட் என்பது பழகிப்போன ஆண்பால் பெயர்.

இனி அந்தப் பெயரின் வயதைப் பார்ப்போம். ஸிலார்ட் என்ற சொல்லுக்குத் திடமானது, உறுதியானது என்று பொருள். இதை ஆளுக்கு இடும் பெயராக ஆக்கியது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஹங்கேரிய மொழிச் சீர்திருத்த இயக்கம். நிலையானவன் என்று பொருள்படும் கான்ஸ்டன்டைன் என்ற லத்தீன் வழிப் பெயருக்கு நேராக, தம் மொழியிலேயே ஒரு பெயர் வேண்டும் என்று அவர்கள் ஸிலார்டைக் கொண்டுவந்தார்கள். ஹங்கேரியக் குடும்பப் பெயர்களோ பெரும்பாலும் 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் நிலைபெற்றவை. தந்தையின் பெயரே எந்த விகுதியும் இல்லாமல் குடும்பப் பெயரான வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. பேத்தர், பெனதெக், லாஸ்லோ போன்ற குடும்பப் பெயர்கள் அப்படி உண்டானவை. ஸிலார்டும் அந்த வரிசையைச் சேர்ந்தது போலத் தோன்றும், ஆனால் காலம் ஒத்துவரவில்லை. குடும்பப் பெயர்கள் உருவாகி முடிந்து இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த பெயர் இது.

ஸிலாஜி என்பது ஸிலாஜ் என்ற இடத்தைச் சேர்ந்தவர் என்று பொருள்படும் பழைய பெயர். இன்று ருமேனியாவில் ஸலாஜ் என்று வழங்கும் மாவட்டத்தின் பெயரும் அதுவே. ஸெக்ஸார்ட் தோல்னா மாவட்டத்தின் தலைநகர். இரண்டுக்கும் ஸிலார்டுக்கும் உள்ள ஒற்றுமை காதுக்கு மட்டும்தான்.

பழம்பதிவு:

மேலே சொன்னதைத் தொடர்ந்து வரலாற்றுப் பக்கத்தைச் சேர்க்கிறேன். லியோ ஸிலார்ட் 1898 பிப்ரவரி 11 அன்று புடாபெஸ்டில் பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் ஷ்பிட்ஸ். 1900 அக்டோபர் 4 அன்றுதான் அக்குடும்பம் ஸிலார்ட் ஆனது. ஆகவே தாங்கள் தேட வேண்டியது ஊரை அன்று, ஒரு தேதியை.

பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேரரசர் இரண்டாம் யோசேப்பின் 1787ஆம் ஆண்டு ஆணைப்படி, ஹங்கேரியையும் உள்ளடக்கிய ஹாப்ஸ்பர்க் அரச மரபின் ஆட்சியிலிருந்த யூதர்கள் 1788 முதல் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர்களைச் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஷ்பிட்ஸ், ஷ்டெர்ன், நாய்மன் போன்ற பெயர்கள் ஹங்கேரிய யூதர்களிடம் மிகுதியாக வழங்கியதற்கு இதுவே முதன்மையான காரணம். 1867க்குப் பின் யூதர்கள் சட்டத்தின் முன் சம உரிமை பெற்றார்கள். ஹங்கேரிய மொழி பேசுவதும் ஹங்கேரியப் பெயர் தாங்குவதும் அந்நாட்டவராகக் கருதப்படுவதற்கான அடையாளங்களாயின. 1881இல் பெயர் மாற்றத்துக்கான முத்திரைக் கட்டணத்தை 5 ஃபோரிண்டிலிருந்து 50 கிரைட்சராக (ஒரு ஃபோரிண்டுக்கு 100 கிரைட்சர்), அதாவது பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அதே ஆண்டில் பெயர்களை ஹங்கேரியமாக்குவதற்கென்றே ஒரு சங்கமும் தொடங்கப்பட்டது. ஐம்பது கிரைட்சர் ஹங்கேரியர் என்ற இழிசொல் அப்போதுதான் பிறந்தது. பெயர் மாற்றியவர்கள் வேறு வழியில்லாத சூழலிலும், பலர் மனமார்ந்த பற்றினாலும் செய்த ஒன்றை அப்படிக் கட்டணத்தைக் கொண்டு எடைபோட்டது கொடுமை என்றே நான் கருதுகிறேன். 1898இல் பிரதமர் டெஷோ பான்ஃபியின் அரசு தன் ஊழியர்களையே பெயர் மாற்றுமாறு நெருக்கியது. யூதர்கள் மட்டுமல்லாமல் ஜெர்மானியரும் ஸ்லோவாக்கியரும்கூட இவ்வாறு மாற்றிக்கொண்டார்கள். கால்பந்து வீரர் ஃபெரென்ஸ் புஷ்காஷின் குடும்பம் பூர்ஸெல்ட் என்ற ஜெர்மன் பெயரைக் கைவிட்டது இதற்கெல்லாம் வெகு பின்னால், 1937இல்.

புதுப் பெயரை எப்படித் தேர்ந்தார்கள் என்பதுதான் இதில் சுவையான பகுதி. கவிஞர் பெத்தோஃபியின் பழைய பெயரான பெத்ரோவிச் பெத்தோஃபி ஆனதைப் போல (இரண்டுக்கும் பேத்தரின் மகன் என்றே பொருள்) பழைய பெயரை மொழிபெயர்த்தவர்கள் உண்டு. முதல் எழுத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றதை மாற்றியவர்கள் ஏராளம். ஷ்பிட்ஸும் ஸிலார்டும் எழுத்தில் எஸ் என்றே தொடங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். நற்பண்பைக் குறிக்கும் ஒரு சொல்லைப் பெயராக ஏற்றவர்களும் இருந்தார்கள்; ஸிலார்ட் அந்த வகை.

எனவே தங்கள் இரண்டாவது ஊகமும் நிற்காது. ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத இரண்டு குடும்பங்கள் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பழைய பெயர்களிலிருந்து இதே பெயருக்கு வந்து சேர்ந்திருக்க முடியும். பெயர் அரிதாக இருப்பதாலேயே உறவு நிறுவப்பட்டுவிடாது.

வேர்தேடி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊர்ப் பெயர் என்று எழுதி வைத்திருந்த வரியை நீக்கிவிட்டேன். ஒரு துணைக் கேள்வி: ஸிலாஜி போல இகரத்தில் முடியும் பெயர் என்றால், அக்குடும்பம் அந்த ஊரிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம் அல்லவா? மேலும், இப்பெயர் இன்று எங்கெங்கே வழங்குகிறது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

சொல்லாய்வு:

பழைய பெயராக இருந்தால் சொல்லலாம். திபெத்திய மொழி அகராதியை 1834இல் கல்கத்தாவில் வெளியிட்ட கோரோஷி சோமா ஷாந்தோரின் பெயரில் உள்ள கோரோஷி என்பது அவர் பிறந்த கோரோஷ் என்ற ஊரையே குறிக்கிறது. ஆனால் பெயர் மாற்றக் காலத்துக்குப் பின் இந்த விகுதியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. இசை நடத்துநர் கியோர்க் ஷோல்டி 1912இல் ஷ்டெர்ன் என்ற குடும்பப் பெயருடன் பிறந்தார். அவருடைய தந்தை பிள்ளைகளுக்கு மட்டும் ஷோல்ட் என்ற ஊரின் பெயரிலிருந்து ஷோல்டி என்ற பெயரைச் சூட்டினார், தாம் ஷ்டெர்னாகவே இருந்துகொண்டார். அந்த ஊருக்கும் அக்குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

எல்லைக்கு அப்பால்:

பரவலைப் பற்றி நான் சொல்கிறேன். நானும் முன்பு ஒரு ஹங்கேரியக் குடும்பத்தின் மரபுவழியைத் தேடி, ஒரு தவறான ஆளின் பின்னால் பல மாதங்கள் அலைந்திருக்கிறேன் என்பதால், விழக்கூடிய பள்ளங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெயர் மாற்றம் நகரங்களில், குறிப்பாகப் புடாபெஸ்டில் வாழ்ந்த அலுவலர், பொறியாளர், வணிகர் குடும்பங்களிடையே வலுவாக வேரூன்றியது. லியோ ஸிலார்டின் தந்தையும் கட்டுமானப் பொறியாளர்தான். ஊர்ப் பெயரால் அமைந்த பழைய குடும்பப் பெயர்களை வரைபடத்தில் குறித்தால், மூல ஊரைச் சுற்றி அடர்த்தியாகவும் தள்ளிப் போகப் போக ஐதாகவும் தெரியும். ஸிலார்ட் போன்ற தேர்ந்தெடுத்த பெயருக்கு அத்தகைய மையம் கிடையாது; தலைநகரிலும் பிற நகரங்களிலும் தனித்தனிப் புள்ளிகளாகவே அது அமையும். 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான டிரியனான் ஒப்பந்தத்தால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழந்ததால், அசையாமல் ஒரே வீட்டில் இருந்த குடும்பங்கள்கூட ருமேனியாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் யூகோஸ்லாவியாவிலும் குடிமக்களாகிவிட்டன. ஸ்லோவாக்கியப் பதிவேடுகளில் பெண்களின் குடும்பப் பெயரோடு ஓவா என்ற விகுதி சேர்வதால், ஸிலார்டோவா என்றும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஹங்கேரிக்குள்ளேயே இன்னொரு விகுதி நம்மை ஏமாற்றும். மணமான பெண்ணைக் கணவரின் முழுப் பெயரோடு நே என்று சேர்த்துக் குறிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். கோவாச் ஸிலார்ட்நே என்றால் கோவாச் ஸிலார்ட் என்பவரின் மனைவி என்று பொருள்; அந்த அம்மையாருக்கும் ஸிலார்ட் என்ற குடும்பப் பெயருக்கும் தொடர்பில்லை. குடும்பப் பெயர் ஸிலார்டாக இருந்தால் ஸிலார்ட் லாயோஷ்நே என்பது போல, விகுதி இரண்டாவது பெயரின் மீது ஏறியிருக்கும். நான் அலைந்தது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

அமெரிக்காவில் எழுத்துக்கூட்டலே மாறுகிறது. ஹங்கேரிய எழுத்துமுறையில் எஸ், இசட் இரண்டும் சேர்ந்து நம்முடைய ஸகர ஒலியைத் தரும், எஸ் தனியே நின்றால் ஷகர ஒலியைத் தரும். புடாபெஸ்ட் என்று நாம் எழுதும் நகரத்தை அந்நாட்டவர் புதபெஷ்ட் என்று ஒலிப்பது இதனால்தான். இசையமைப்பாளர் லிஸ்டின் குடும்பத்தார் தம் பெயரை ஹங்கேரியர்கள் லிஷ்ட் என்று படித்துவிடாமல் இருக்கவே நடுவில் இசட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கில நாடுகளிலோ நிலைமை நேர் எதிர்; அங்கே எஸ் தனியே நின்றாலே ஸகர ஒலி வந்துவிடும், இசட் தேவையில்லை. லியோ அந்த இசட்டை விடாமல் வைத்துக்கொண்டார், அவருடைய தம்பி பேலா அமெரிக்காவில் அதை நீக்கிவிட்டு எழுதினார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் அகரவரிசைப் பட்டியலில் வெவ்வேறு இடங்களில் போய் நிற்கிறார்கள். ஆகவே அமெரிக்கப் பதிவுகளில் இரண்டு எழுத்துக்கூட்டலையும் பாருங்கள்.

பழம்பதிவு:

பதிவேடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஹங்கேரியில் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1895 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதற்கு முந்தையவை அந்தந்தச் சமயத்தாரின் பதிவேடுகளில் உள்ளன. பிறப்புப் பதிவில் கட்டங்களை மட்டும் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். ஓரத்திலுள்ள குறிப்புக் கட்டத்தில், வேறொரு கையெழுத்தில், வேறொரு மையில், உள்துறை அமைச்சகத்தின் அனுமதி எண்ணும் ஆண்டும் புதிய பெயரும் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். ஒரு குடும்பப் பெயர் பிறந்த இடம் பல நேரங்களில் அந்த இரண்டு விரற்கடை அகல ஓரம்தான். 1800 முதல் 1893 வரையிலான பெயர் மாற்றங்களைத் தொகுத்து 1895இல் புடாபெஸ்டில் ஒரு பட்டியல் நூலும் வெளியானது. லியோவின் குடும்பம் 1900இல் மாறியதால் அதில் இருக்காது, ஆனால் அதற்கு முன்பே ஸிலார்ட் ஆன குடும்பங்களை அதில் தேடலாம்.

வேர்தேடி:

மிகவும் பயனுள்ள விளக்கங்கள். கடைசியாக ஒன்று. லியோவின் தாய் தெக்லா, வீதோர் குடும்பத்தில் பிறந்தவர் என்று குறித்து வைத்திருக்கிறேன். ஹாலிவுட்டில் வீதோர் என்ற பெயரில் இரண்டு இயக்குநர்கள் இருந்தார்கள். அவர்களை இக்குடும்பத்தோடு இணைத்து ஒரு வரி எழுதலாமா?

சொல்லாய்வு:

எழுத வேண்டாம். வீதோர் என்பதும் ஸிலார்ட் போலவே பண்பைக் குறிக்கும் சொல், மகிழ்ச்சி நிறைந்தவன் என்று பொருள். கிங் வீதோர் 1894இல் டெக்சாஸில் கால்வெஸ்டன் நகரில் பிறந்தவர். ஹங்கேரியிலிருந்து சென்றவர் அவருடைய பாட்டனார். சார்லஸ் வீதோர் 1900இல் புடாபெஸ்டில் பிறந்து பின்னர் அமெரிக்கா சென்றவர். ஒரே தொழில், ஒரே நகரம், ஒரே அரிய குடும்பப் பெயர் என்று எல்லாம் பொருந்தியிருந்தும் அவர்கள் இருவருக்குள்ளேயே உறவு கிடையாது. தெக்லாவின் குடும்பத்தைப் பற்றி எழுத விரும்பினால் புடாபெஸ்டில் வாரோஷ்லிகெதி ஃபஷோர் சாலையில் உள்ள வீதோர் மாளிகையைக் குறிப்பிடுங்கள். கட்டடக் கலைஞர் எமில் வீதோர் வடிவமைத்த அந்த வீட்டில்தான் லியோ வளர்ந்தார்.