ஆறாவது சப்கல்ச்சரில் அடங்கிப்போன ஏற்காட்டுப் பூஞ்சை

சேலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சேர்வராயன் மலைக் காபி இலைக்குள் வாழும் பூஞ்சையில், நுரையீரல் புற்றைத் தடுக்க உதவும் சேர்மம் கிடைக்குமா என்று தேடுகிறேன். (செல்லைக் கொல்வது வேறு, நோயைத் தடுப்பது வேறு என்று தெரியும். இது முதல் வடிகட்டல்தான்.)

ஆகஸ்டில் ஏற்காட்டில் எடுத்த இலை. ஐடிஎஸ் (பூஞ்சையை அடையாளம் காண உதவும் டிஎன்ஏ பகுதி) வரிசைப்படி பெஸ்டலோஷியாப்சிஸ் பேரினம். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தில் அசைக்காமல் 21 நாள், பிறகு எத்தில் அசிட்டேட் சாறு. எத்தனை செல்கள் உயிரோடு உள்ளன என்று காட்டும் எம்டிடி சோதனையில் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் கொடுத்ததும் ஏ549 நுரையீரல் புற்றுச் செல்களில் பாதிக்கு மேல் செத்தன. மூன்று முறையும் அதே விடை.

ஆறாவது சப்கல்ச்சருக்கு (பூஞ்சையைப் புது மீடியத்துக்கு மாற்றி வளர்ப்பது) பிறகு சாற்றில் அந்த விளைவு ஒன்றுமே இல்லை. பூஞ்சை செழிப்பாக வளர்கிறது, ஆனால் பழைய பழுப்பு நிறமி வருவதில்லை. மெல்லடுக்குத் தகட்டில் புற ஊதா ஒளியில் தெரிந்த ஒரு பட்டையும் காணோம்.

மீடியத்தை மாற்றினேன், வெப்பநிலையை மாற்றினேன், 30 நாள் வரை விட்டுப் பார்த்தேன். வடிகட்டிய காபி இலைச் சாறும் சேர்த்தாயிற்று. புது செல்களிலும் சோதித்தேன், சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்துக்குள்தான். முதல் தலைமுறையைக் கிளிசராலில் உறைய வைக்காதது என் தப்பு. அதே செடியைத் தேடி மலையேறினால், கவாத்து செய்துவிட்டார்கள்!

இப்படிச் சேர்ம உற்பத்தியை நிறுத்திய இலைப் பூஞ்சையை யாராவது மீட்டிருக்கிறீர்களா, எந்த முறையில்?