நெய்வேலி: கரியை விடத் தண்ணீர்தான் பெரிய பாடு (பலர் புனைபெயரில் எழுதிய அனுபவப் பகிர்வு)

செம்மண்:
சுரங்க நகரம் என்றதும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு குகைக்குள் இறங்கும் ஆட்கள்தான் பலருக்கு நினைவில் வருகிறார்கள். நெய்வேலியில் அந்தக் கதையே கிடையாது, எல்லாம் திறந்தவெளிச் சுரங்கம். விளிம்பில் நின்று பார்த்தால் படிப்படியாக இறங்கும் செம்மண் பள்ளம், அடியில் கறுப்பாக ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் பழுப்பு நிலக்கரி. ஒரு டன் கரி எடுக்க ஐந்தரை கன மீட்டர் மண்ணை அள்ளி அப்புறம் கொட்டவேண்டும்.

கரி இருப்பதைக் காட்டிக்கொடுத்ததே தண்ணீர்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்குழாய் இறக்கியபோது, தானாகப் பொங்கி வந்த தண்ணீரோடு கறுப்புத் துகளும் வந்தது. சுரங்கத்தை நடத்தும் மத்திய அரசு நிறுவனமான என்.எல்.சி. 1956 நவம்பரில் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஆனால் கரி கண்ணில் பட 1961 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் நான்கு வருஷம் என்ன செய்தார்கள் என்று கேட்பவர்களுக்கு, விஷயம் தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும்.

பம்ப்ஹவுஸ்:
மண் அள்ளினார்கள், தண்ணீருக்கு வழி பார்த்தார்கள். கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட நீரோட்டம் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம். புரியும்படி சொன்னால், 60 முதல் 80 மீட்டர் உயரத் தொட்டித் தண்ணீர் அடியிலிருந்து மேல்நோக்கி முட்டுகிறது.

கணக்கு எளிது. மேலே 60 மீட்டர் மண் இருக்கும்வரை அதன் பாரமே சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ வரும், தண்ணீர் அடங்கிக் கிடக்கும். மண்ணை எடுத்துவிட்டால் மிச்சம் 15 மீட்டர் கரி. கரி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம் என்பதால் பாரம் இரண்டு கிலோகூடத் தேறாது. அடியில் எட்டு, மேலே இரண்டு. சுரங்கத் தரை அப்பளம் மாதிரி உப்பி வெடித்து, பள்ளம் முழுக்கத் தண்ணீர் ஏறிவிடும்.

அதனால் கரியைத் தொடும் முன்பே, சுற்றிலும் உள்ளேயும் ஆழ்குழாய்கள் இறக்கி, கரியைத் துளைத்துக்கொண்டு கீழே போய் அந்த அழுத்தத்தை இறக்கவேண்டும். 1961-ல் தொடங்கிய அந்த இறைப்பு ராத்திரி பகலாக ஓடுகிறது. சுரங்கம் நகர நகர முன்னால் புதுக் குழாய் போட்டு, பின்னால் இருப்பதைக் கைவிட்டுப் போகவேண்டும். கரி வெட்டுவதை ஒருநாள் நிறுத்தினால் உற்பத்திதான் போகும், பம்பை நிறுத்த முடியாது. இது போதாதென்று ஐப்பசி, கார்த்திகையில் பள்ளத்தில் விழும் மழைத் தண்ணீருக்குத் தனி பம்புகள்.

வாளிச்சக்கரம்:
மண்ணும் லேசுப்பட்டதல்ல. கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் அரம் மாதிரி. ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி இயந்திரங்களின் (பெரிய சக்கரத்தைச் சுற்றி வாளிகள் வைத்து மண்ணை வெட்டுபவை) பற்களை அது தேய்த்துத் தின்றுவிடும். வெடிவைத்துத் தளர்த்திவிட்டுத்தான் வெட்ட முடிகிறது. பல் மழுங்கினால் உடனே மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வாளியின் உதடே தேயும், செலவு பல மடங்கு. மழையில் நேர் எதிர்த் தொல்லை: களிமண் வாளியைவிட்டு விழாமல் ஒட்டிக்கொள்ளும், மண்ணைக் கொண்டுபோகும் பெல்ட் மாறும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். சிந்திய மண்ணை உடனுக்குடன் வழித்து எடுக்காவிட்டால் உருளை சுற்றாமல் நின்று, பெல்ட் அதன்மேல் உராய்ந்து சூடேறும். தீ பிடிப்பது அப்படித்தான்.

லெக்கோ அடுப்பு:
தீ என்றால் கரிக் குவியலைச் சொல்லவேண்டும். வெட்டி எடுக்கும்போது இந்தக் கரியில் பாதி எடை ஈரம். காயக் காய வெடித்துப் பொடியாகும், காற்றை உறிஞ்சி உள்ளுக்குள் புழுங்கும். அதிகாலையில் குவியலின் ஒரு பக்கம் மட்டும் ஆவி பறந்தாலோ, மண்ணெண்ணெய் மாதிரி நெடி அடித்தாலோ உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே தண்ணீர் பீய்ச்சினால் போதும் என்று நினைப்பது தப்பு. தண்ணீர் ஒரு வாய்க்கால் பிடித்து இறங்கிவிடும், சூடு பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும். சூடான பகுதியைத் தோண்டி வெளியே பரப்பி, அப்புறம் நனைக்கவேண்டும். முதலில் வந்த கரி முதலில் கொதிகலனுக்குப் போகவேண்டும், குவிக்கும்போதே அடுக்கடுக்காக அழுத்தவேண்டும், முக்கியமாகக் காற்று அடிக்கும் பக்கத்துச் சரிவை.

அந்தக் காலத்தில் வீட்டு அடுப்பில் எரித்த லெக்கோ கட்டியும் இதே கரிதான். அரைத்து, கட்டியாக்கி, சூடேற்றிப் புகையைப் பிரித்தெடுத்தது. பற்றவைப்பது பெரும்பாடு, அடியில் அடுப்புக்கரி போட்டு விசிற வேண்டும். பிடித்துவிட்டால் நின்று எரியும். புகை இல்லையே என்று அறையைச் சாத்திக்கொண்டு எரித்தால் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத வாயு ஆளைக் கொல்லும்.

வட்டம் 16:
ஊரைப் பற்றியும் சொல்லவேண்டும். நிறுவனத்தின் குடியிருப்பான நகரியம் வட்டங்களாகப் பிரிந்தது, தெருப் பெயரைவிட வட்ட எண்தான் முகவரி. வீடு யாருக்கும் சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும், கொல்லையில் நட்ட பலா உட்பட. அதனால்தான் வேலையில் இருக்கும்போதே வடலூரிலும் இந்திரா நகரிலும் மனை வாங்கிப் போடுகிறார்கள். அந்தப் பக்கம் வளர்ந்ததற்கு நெய்வேலியின் ஓய்வூதியமும் ஒரு காரணம்.

பங்குனி உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு முருகன் கோயில், ஜூலையில் புத்தகக் கண்காட்சி (1998 முதல்) என்று ஊர் கூடும் நாட்கள் உண்டு. நடராஜர் கோயிலில் ஆராய்ச்சி மணி இருக்கிறது, குறையை மனுவாக எழுதி சாமியிடமே கொடுக்கலாம். அலுவலகங்கள் நிறைந்த ஊருக்கு ஏற்ற சாமி!

இன்னொன்று. நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேலை ஒரே பள்ளத்தில்தான், ஆனால் சம்பளமும் குவார்ட்டர்ஸும் வேறு. இங்கே நடந்த முக்கால்வாசி வேலைநிறுத்தத்தின் அடிவேர் அதுதான் என்பது என் கணிப்பு. மத்திய அரசு நிறுவனத்தின் பங்கை விற்கப் புறப்பட்டபோது மட்டும் எல்லாத் தொழிற்சங்கக் கொடியும் ஒன்றாக நின்றது. 2013-ல் விற்ற 3.56 சதவீதத்தையும் தமிழ்நாடு அரசு நிறுவனங்களே வாங்கின.

பம்ப்ஹவுஸ்:
நிலம் கொடுத்தவர்களை விட்டுவிட்டீர்களே. அதுவும் தண்ணீர்க் கதைதான். 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் நெற்பயிருக்குள் இயந்திரத்தை இறக்கியது கரி வெட்ட அல்ல, பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக. ஆற்றைத் திருப்பாமல் இரண்டாம் சுரங்கம் முன்னேறினால் வெள்ளம் பள்ளத்துக்குள் வந்துவிடும். பொறியியல் கணக்கு சரி. கதிர் விடும் பயிருக்கு இன்னும் கொஞ்சநாள் பொறுத்திருக்கலாம் என்பது விவசாயக் கணக்கு. சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரிக்குப் போய்ப் பாசனமாகிறது. சுற்றுவட்டாரக் கிராமத்துக் கிணறுகளோ ஆழம் தேடி இறங்கிக்கொண்டே இருக்கின்றன.