மறு: ‘ஃப்ரீ’: இலவச இடமா, கட்டற்ற இடமா?

நண்பர்களுக்கு வணக்கம். கணினித் திரைச் சொற்களைத் தமிழாக்கும்போது ஆங்கில ‘ஃப்ரீ’யை (free) எப்படிச் சொல்வது என்று ஒருவர் எழுதியதற்கு மறுமொழி இது. வட்டு என்பது கணினியின் சேமிப்பு வட்டு (disk).

> வட்டில் மிச்சமிருப்பதை ‘இலவச இடம்’ என்று மொழிபெயர்த்தது தவறு. ‘கட்டற்ற மென்பொருள்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதே வழியில் ‘கட்டற்ற இடம்’ என்று எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே?

முதல் வாக்கியத்தில் எனக்கு மறுப்பே இல்லை. 40 கிகாபைட் இலவசம் என்று திரை சொன்னால் ஆடித் தள்ளுபடி விளம்பரம் மாதிரிதான் இருக்கிறது. கடைசி வாக்கியம்தான் இடிக்கிறது. மிச்சமிருக்கும் இடத்தை யாரும் கட்டிப்போடவில்லையே, பிறகு எதற்குக் கட்டற்ற?

துருக்கி மொழி இடைமுகத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துப் பாருங்கள். நம்மைப் போலவே ஒட்டுகளை அடுக்கிச் சொல் செய்யும் மொழி. 1932இல் மொழிக்கழகம் அமைத்து, அரபு, பாரசீகச் சொற்களைக் களைய முனைந்த மொழி. நம் சண்டைகள் எல்லாம் அவர்களும் போட்டவையே. (அவர்களுடைய உயிரொலிகள் சில தமிழ் எழுத்தில் சரியாக வராது. ஏறத்தாழ எழுதுகிறேன்.)

வட்டின் மிச்ச இடம் அங்கே ‘போஷ் ஆலான்’. போஷ் என்றால் வெறுமையான, ஆளில்லாத. ஆளில்லாத அறையும் போஷ், வேலையில்லாத நேரமும் போஷ். இயற்பியலின் வெற்றிடம் ‘போஷ்லுக்’. மென்பொருளுக்கு வந்தால் சொல்லே வேறு: ‘ஒஸ்கூர் யாசிலிம்’, அதாவது யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள். ஒஸ்கூர் மொழிச் சீர்திருத்தத்தில் பிறந்த சொல், மனித விடுதலையைச் சொல்வது. கட்டற்ற மென்பொருளை வளர்க்கும் குனு (GNU) திட்டத்தின் மொழிபெயர்ப்புப் பட்டியலில் நம்முடைய ‘கட்டற்ற மென்பொருள்’ இருக்கும் அதே வரிசையில் இதுவும் இருக்கிறது. போஷையும் ஒஸ்கூரையும் ஒரு துருக்கியர் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

காசில்லாமல் கிடைப்பதற்கு மூன்று சொல் வைத்திருக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் ‘உஜ்ரெத்சிஸ்’, அதாவது கட்டணமில்லா. கல்விக்குப் ‘பராசிஸ்’, பணமில்லா என்று பொருள். கையில் காசில்லாதவரும் பராசிஸ்தான். கடைத்தெருப் பேச்சில் ‘பெடாவா’. நம்மூர்ப் பேருந்தில் ‘கட்டணமில்லா பயணம்’, அரசாணையில் ‘விலையில்லா மடிக்கணினி’, வீட்டுப் பேச்சில் ‘சும்மா கொடுத்தான்’ என்று நாமும் தரம் பிரித்தே பேசுகிறோம். கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஏனோ மறந்துபோகிறது.

பெடாவாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாரசீகத்தில் காற்று, வளி என்னும் இரு சொற்கள் சேர்ந்தது அது. உதுமானியர் ஆட்சியில் திருமண வரி, அபராதம், வழிதவறி வந்த கால்நடைக்கான தண்டம் என்று எப்போதாவது வந்துசேரும் வரவுகளுக்கு அதுதான் பெயர். காற்றில் வந்த காசு! ஒரு காலத்தில் வரியின் பெயராக இருந்தது, இன்று காசில்லாததற்குப் பெயர்.

அந்த வரவு யாருக்குப் போனது என்பதில்தான் அடுத்த சொல் இருக்கிறது. படைப்பணிக்கு ஈடாகத் தரப்பட்ட மானியங்களில் சிலவற்றை ‘செர்பெஸ்ட்’ என்றார்கள். மாகாண அதிகாரி அவற்றில் தலையிட முடியாது, காற்றில் வந்த காசும் மானியக்காரருக்கே. ஆக, செர்பெஸ்ட் என்பது தலையீடின்மை. உதுமானியரும் ரஷ்யரும் போரை முடித்துச் செய்துகொண்ட 1774 குச்சுக் கைனார்ஜா உடன்படிக்கையில் கிரீமியத் தாத்தாரின் நிலையைச் சொல்ல இதிலிருந்து பிறந்த சொல்லே பயன்பட்டது. 1908 இளம் துருக்கியர் புரட்சியில் தெருவில் முழங்கியதோ அரபுவழி வந்த ‘ஹூரியெத்’, அதாவது விடுதலை. பின்னால் ஒஸ்கூர் வந்து ஹூரியெத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. பாரசீகச் சொல்லான செர்பெஸ்ட்டை அசைக்க முடியவில்லை. சந்தை, கால்பந்தின் தனி உதை, இயற்பியலின் தடையிலா வீழ்ச்சி, வேதியியலின் தனி உறுப்பு எல்லாவற்றிலும் அதுதான். வரிச்சலுகை வலயமும் ‘செர்பெஸ்ட்’தான். இலங்கையில் கட்டுநாயக்காவில் இருப்பதைச் ‘சுதந்திர வர்த்தக வலயம்’ என்கிறார்கள். வரிவிலக்குக்குச் ‘சுதந்திரம்’ கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். பழகிய சொல், இனி மாறாது.

> ‘காலி இடம்’ என்று வைக்கலாம். ஆனால் காலி அரபுச் சொல்லாயிற்றே?

செர்பெஸ்ட்டை விட்டுவைத்த துருக்கியரைப் போல நாமும் காலியை விட்டுவைக்கலாம், குற்றமில்லை. ‘வெற்றிடம்’ வேண்டாம், இயற்பியல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ‘வெற்று’ என்பதை எழுத்தே இல்லாத சரத்துக்கு (string, நிரலில் வரும் எழுத்துத் தொடர்) வைத்திருக்கிறோம்.

ஆனால் போஷுக்கு நேராக நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது. ‘ஒழிஞ்ச நேரத்தில் வா’ என்கிறோம். ‘வீட்டை ஒழித்துக் கொடு’ என்கிறோம். நேரம், அறை, பாத்திரம் மூன்றுக்கும் பொருந்துகிறது. துருக்கியிலும் காலி செய்வது ‘போஷால்ட்மாக்’, அதே வேரிலிருந்துதான். ஆகவே என் முன்மொழிவு: வட்டில், நினைவகத்தில் மிச்சமிருப்பது ‘ஒழிவிடம்’.

ஒழிக கோஷம் நினைவுக்கு வரும் என்று யாராவது எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பெயர்ச்சொல்லில் அந்த நெடி இல்லை, ‘ஒழிவு நேரம்’ என்று கேட்டு யாரும் கொடி பிடிப்பதில்லை. வினைச்சொல்லில் நிச்சயம் இருக்கிறது. ‘நினைவகத்தை ஒழி’ என்று நிரலாளருக்குக் கட்டளை கொடுத்தால் விபரீதம். அங்கே துருக்கியரும் போஷை விட்டு, ‘செர்பெஸ்ட் பிராக்மாக்’ என்றே சொல்கிறார்கள். கைதியை விடுவிப்பதற்கும் அதுதான். நமக்கு ‘விடுவி’ போதும்.

சர்க்கரை, ஈயம் போன்றவற்றோடு ஃப்ரீ ஒட்டி வரும் இடங்களில் விவாதமே வேண்டாம். அவர்களுக்குச் ‘சிஸ்’ விகுதி, நமக்கு ‘இல்லா’.

மிச்சம் இருப்பது தருக்கத்தில் வரும் ‘ஃப்ரீ’ மாறி (மாறி என்பது வாய்பாட்டில் ஒரு மதிப்புக்கு இடம்பிடித்து நிற்கும் குறி). துருக்கியில் ‘செர்பெஸ்ட்’ மாறி, அதற்கு எதிராக ‘பாலி’ மாறி, அதாவது கட்டப்பட்டது. கட்டு என்பது உண்மையிலேயே இருக்கும் இடம் இது ஒன்றுதான். பாடநூலில் ‘கட்டுறா எலக்ட்ரான்’ இருக்கிறது; அதைப் பின்பற்றிக் ‘கட்டுறா மாறி’, ‘கட்டுண்ட மாறி’ என்று வைக்கலாம். கணிதம் படித்தவர்கள் சொல்லுங்கள், வகுப்பறையில் வேறு சொல் புழங்குகிறதா? இல்லையென்றால் ஞாயிறு மாலை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.